மாலும் இன் சே, மாலும் புரோகிபிட்டும்: ‘இயற்குற்றம்’, ‘விதிக்குற்றம்’ என ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

தன்னளவிலேயே தீயதாக இருப்பதால் தண்டிக்கப்படும் செயலை மாலும் இன் சே என்றும், சட்டம் தடுத்திருப்பதால் மட்டுமே தண்டனைக்குரியதாகும் செயலை மாலும் புரோகிபிட்டும் என்றும் சட்ட நூல்கள் பிரிக்கின்றன. இவ்விரு இலத்தீன் தொடர்களுக்குத் தமிழ்க் கலைச்சொற்களாக, இதற்கு முந்தைய மடலில் ஐயா ஒருவர் பரிந்துரைத்த ‘அறக்குற்றம்’, ‘சட்டக்குற்றம்’ என்னும் இணையை என்னால் ஏற்க இயலவில்லை. கொலையும் சட்டப்படி குற்றந்தான். ஆகவே ‘சட்டக்குற்றம்’ எதையும் பிரித்துக் காட்டவில்லை. ‘இயற்குற்றம்’, ‘விதிக்குற்றம்’ என்பவற்றை முன்வைக்கிறேன். இயற்சொல், இயற்பெயர் என்னும் வழக்குகள் இருப்பதால் முன்னது காதுக்குப் புதிதன்று.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுப் பிரிவன்று என்பதற்கு எங்கள் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியே சான்று. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை பதுக்கப்பட்டிருப்பதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அந்தப் பழங்குடியினர் ஊருக்குள் புகுந்தனர். உரிமமின்றிச் சந்தனக்கட்டை வைத்திருப்பது விதிக்குற்றம். அரசு அவ்விதியை நீக்கினால் அது குற்றமாகவே இராது. அதைத் தேடி வந்தவர்கள் 18 பெண்களை வன்புணர்ந்ததும் வீடுகளைச் சூறையாடியதும் எந்த விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் குற்றமே. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரையும் 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. இரண்டையும் ‘குற்றம்’ என்னும் ஒரே சொல்லால் எழுதும்போது, ஊரார் மீது சுமத்தப்பட்டதும் ஊராருக்கு இழைக்கப்பட்டதும் ஒரே தட்டில் நிற்பதாகத் தோன்றிவிடுகிறது. இது என்னால் பொறுக்க முடியாத மயக்கம்.

‘அறக்குற்றம்’ வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலையூர்களில் பெண்ணைச் சிறு வயதிலேயே கட்டிக்கொடுப்பதைத் தம் கடமையாகவே கருதும் பெற்றோர் இன்னும் இருக்கின்றனர். ‘அறம்’ என்றவுடன் யாருடைய அறம் என்னும் கேள்வி எழுந்துவிடும். 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டமும் இங்கே தயங்குகிறது: நடத்தி வைப்பவரைத் தண்டிக்கிறது, ஆனால் அத்திருமணத்தைப் பொதுவாகத் தானே செல்லாததாக்காமல், குழந்தையாக இருந்தவர் உரிய வயதை எட்டி இரண்டாண்டு முடிவதற்குள் மனுச் செய்து நீக்கிக்கொள்ள விட்டுவிடுகிறது. என் மனச்சான்று இதை இயற்குற்றம் என்கிறது. சட்டத்தின் அமைப்போ ஏறத்தாழ விதிக்குற்றமாகவே நடத்துகிறது. ஆகவே இவ்விணையைக் கலைச்சொல் பட்டியலில் ஏற்றும்போது, எச்செயல் எப்பக்கம் என்பதைச் சட்டம் மட்டுமே தீர்ப்பதில்லை என்னும் குறிப்பையும் சேர்க்க வேண்டுகிறேன்.

‘விதி’ ஊழையும் குறிக்குமே எனத் தயங்குவோர் ‘தடைக்குற்றம்’ எனலாம். அதில் எனக்கு மறுப்பில்லை.

தருமபுரியிலிருந்து,
அன்புடன்.