கிராஃபீனுக்கு அடியில் குமிழிகள்: அளவு மாறினாலும் திரிபு மாறாதது ஏன்?

கேள்வி (ஆய்வு மாணவி):

வணக்கம். ஒற்றை அடுக்குக் கிராஃபீனை (ஓர் அணுத் தடிமனுள்ள கார்பன் படலம்) அறுகோணப் போரான் நைட்ரைடு என்ற படிகத்தின் மேல் பதித்துச் சூடேற்றியபோது, பொடிப்பொடியாகச் சிதறியிருந்த குமிழிகள் ஒன்றுசேர்ந்து பெரிதாகிவிட்டன. அணுவிசை நுண்ணோக்கியில் அளந்ததில், 500 நானோமீட்டர் ஆரமுள்ள குமிழி ஏறக்குறைய 55 நானோமீட்டர் உயரமும், 1 மைக்ரோமீட்டர் ஆரமுள்ளது 110 நானோமீட்டர் உயரமும் கொண்டிருந்தன. பெரியதில் படலம் கூடுதலாக இழுபட்டிருக்கும், அதாவது திரிபு கூடியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் இரண்டின் உச்சியிலும் ராமன் நிறமாலையின் (லேசர் ஒளி சிதறும்போது கிடைப்பது) 2டி பட்டை, அதாவது படலம் இழுபட்டால் இடம் நகரும் உச்சி, ஒரே அளவுதான் நகர்ந்திருக்கிறது. 100 நானோமீட்டர் ஆரமுள்ள குமிழியில் மட்டும் நகர்வு மிகக் குறைவு. இது அளவீட்டுக் கோளாறா?

பதில் 1:

முதல் இரண்டு அளவீடுகளிலும் கோளாறு ஏதுமில்லை. உயரத்தை ஆரத்தால் வகுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் 0.11 கிடைக்கும். மான்செஸ்டர் குழுவினர் 2016-இல் கிராஃபீன், போரான் நைட்ரைடு, மாலிப்டினம் டைசல்ஃபைடு ஆகிய படலங்களின் குமிழிகளை அளந்தபோதும், ஒரே பொருளிணைக்கு இந்த விகிதம் குமிழியின் அளவைச் சாராமல் நிலையாக இருப்பதையே கண்டார்கள். படலமும் அடித்தளமும் வான் டெர் வால்ஸ் விசையால் ஒட்டிக்கொள்ள முயல்வதால், இடையில் சிக்கிய ஹைட்ரோகார்பன் அழுக்கும் நீரும் ஓரிடத்தில் குவிகின்றன. அந்தக் குவியலுக்கு மேல் படலம் வளைந்து இழுபட வேண்டியிருப்பதால் மீள் ஆற்றல் கூடுகிறது. இவ்விரண்டும் சமநிலைக்கு வரும் இடத்தில் விகிதம் நிலைத்துவிடுகிறது. அது, ஒட்டும் ஆற்றலைப் படலத்தின் விறைப்பால் வகுத்து வரும் எண்ணின் நான்காம் மூலத்தைப் பொறுத்தது. ஆகவே ஒட்டும் ஆற்றல் இரட்டிப்பானாலும் விகிதம் 19 சதவீதமே உயரும்.

திரிபோ, தோராயமாக அந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பின்தொடர்கிறது. 0.11-இன் வர்க்கம் 0.012, அதாவது, குமிழி எவ்வளவு பெரிதானாலும் திரிபு ஒரு சதவீதத்தை ஒட்டியே நிற்கும். அளவோடு மாறுவது உள்ளழுத்தம்தான். அது உயரத்துக்கு எதிர்விகிதத்தில் செல்வதால் சிறிய குமிழியில்தான் அழுத்தம் அதிகம். மைக்ரோமீட்டருக்கும் குறைவான குமிழிகளில் பல பத்து மெகாபாஸ்கல் வரை அளந்திருக்கிறார்கள். இவையெல்லாம் வட்டமான குமிழிகளுக்கே பொருந்தும். முக்கோணமாகவோ நீண்ட வரப்பாகவோ இருப்பவற்றில் பதிக்கும்போதே ஏற்பட்ட எஞ்சிய திரிபும் கலந்திருக்கும் என்பதால், அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பதில் 2:

மூன்றாவது குமிழியின் மர்மம் லேசர் புள்ளியின் அகலத்தில் இருக்கிறது. நல்ல பொருளருகு வில்லை இருந்தாலும் புள்ளி அரை மைக்ரோமீட்டருக்குக் கீழே எளிதில் சுருங்காது. 200 நானோமீட்டர் விட்டமுள்ள குமிழியை அதனால் நோக்கும்போது சுற்றியுள்ள தட்டையான கிராஃபீனின் ஒளியும் சேர்ந்தே வருவதால், நகர்வு கரைந்துபோனதுபோல் தோன்றுகிறது. அங்கே உயரத்தையும் ஆரத்தையும் வைத்துத் திரிபைக் கணிப்பதே நம்பகமானது.

பெரிய குமிழிகளிலும் 2டி பட்டையை மட்டும் நம்பாதீர்கள், ஏனெனில் மின்னூட்டமும் அதை நகர்த்தும். கிராஃபீனின் மற்றொரு ராமன் பட்டையான ஜி பட்டையின் நகர்வோடு ஒப்பிட்டு வரைபடமிட்டால், திரிபினால் வரும் சாய்வு 2.2-க்கு மேலும், துளை மாசூட்டத்தால் (எலக்ட்ரான்கள் குறைவதால் உண்டாகும் நேர் மின்னூட்டம்) வருவது 0.7-ஐ ஒட்டியும் இருக்கும்.

கேள்வி (ஆய்வு மாணவி):

மிக்க நன்றி. திரிபு ஒன்றாகவே இருந்தால், போலிக் காந்தப்புலம் (காந்தமே இல்லாமல், படலம் இழுபடுவதால் எலக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்வது) பற்றிய கட்டுரைகள் மிகச் சிறிய குமிழிகளையே தேடுவது ஏன்?

பதில் 1:

அந்தப் புலத்தைத் தோற்றுவிப்பது திரிபு அன்று, திரிபு இடத்துக்கு இடம் மாறும் வேகம். ஒரு சதவீதத் திரிபு 1 மைக்ரோமீட்டர் தூரத்தில் மாறுவதற்கும் 5 நானோமீட்டர் தூரத்தில் மாறுவதற்கும் உள்ள வேறுபாடு 200 மடங்கு. பெர்க்லி குழுவினர் 2010-இல் பிளாட்டினத்தின் மேல் வளர்த்த கிராஃபீனில், சில நானோமீட்டர் அகலமே உள்ள முக்கோணக் குமிழிகளில், 300 டெஸ்லாவுக்கும் மேற்பட்ட புலத்துக்கு ஒப்பான ஆற்றல் மட்டங்களைக் கண்டார்கள். ஆய்வகக் காந்தங்கள் தொடர்ந்து தரும் புலம் 45 டெஸ்லா அளவில்தான் இருக்கிறது. உங்கள் குமிழிகளில் அத்தகைய விளைவைத் தேடுவது வீண் என்பது என் கருத்து.

பதில் 3:

குமிழியே வேண்டாம் என்றால், அடுக்குகளை 110 டிகிரி செல்சியஸ் அளவில் சூடாக வைத்து, ஓர் ஓரத்திலிருந்து மெதுவாக ஒட்டவைத்துக்கொண்டே வாருங்கள். கைப்பேசித் திரைக்குக் காப்புத்தாள் ஒட்டுவதைப்போலத்தான். அந்த வெப்பத்தில் அழுக்கு எளிதாக நகர்வதால், ஒட்டும் முகப்பு அதை முன்னே தள்ளிக்கொண்டு போகும். ஒட்டி முடித்தபின் சூடேற்றினால் குமிழிகள் ஒன்றுசேருமே ஒழிய, பெரும்பாலும் வெளியேறா.