டோகோன் தம்பதியர் சிற்பமும் அதன் முதுகுப்புறமும்

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு முன்பே மூன்று முறை சென்றிருந்தும், அங்குள்ள டோகோன் தம்பதியர் சிற்பத்தை நான்காம் முறைதான் முழுமையாகப் பார்த்தேன். மாலி நாட்டின் பண்டியாகரா செங்குத்துப் பாறைச்சரிவை ஒட்டி வாழும் டோகோன் மக்களிடையே இரும்படிக்கும் கொல்லரே மரமும் செதுக்குவார். 18ஆம் நூற்றாண்டிலோ 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அப்படி ஒருவர் ஒரே மரத்துண்டில் செதுக்கிய இந்தச் சிற்பத்தின் உயரம் ஏறத்தாழ 73 சென்டிமீட்டர்தான். நீண்டு ஒடுங்கிய உடல்களோடு ஆணும் பெண்ணும் அருகருகே அமர்ந்திருக்க, ஆணின் வலக்கை அவள் கழுத்தைச் சுற்றி வந்து மார்பில் படிகிறது. இடக்கை தன் குறியருகே இருக்கிறது. முந்தைய வருகைகளில் இவ்வளவையும் பார்த்துவிட்டு, காதலைச் சொல்லும் சிற்பம் என்று எண்ணி நகர்ந்துவிட்டேன்.

அன்று கூட்டம் குறைவு என்பதால் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி நடந்தேன். பெண்ணின் முதுகில் ஒரு குழந்தை ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆணின் முதுகில், அதே இடத்தில், அம்பறாத்தூணி தொங்குகிறது. பெற்று வளர்ப்பவளும் வேட்டையாடிக் காப்பவனுமாக, குடும்பம் எதன்மேல் நிற்கிறது என்பதைச் சிற்பி முதுகுப்புறத்தில்தான் எழுதியிருக்கிறார். இருக்கையைத் தாங்கும் நான்கு சிறிய உருவங்களைக் குனிந்தால்தான் சரியாகக் காண முடியும். அவற்றை மூதாதையர் என்று பலரும் விளக்குகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது.

*

ஐயா, டோகோன் தம்பதியர் சிற்பம் பற்றிய தங்கள் குறிப்பைப் படித்தேன். தாங்கள் அதன் முதுகுப்புறத்தைச் சொன்னதால் நான் மேற்பரப்பைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். கைகளை வானை நோக்கி உயர்த்தி நிற்கும் டோகோன் உருவம் ஒன்றை ஒரு கண்காட்சியில் முதன்முதலாகக் கண்டபோது, அதன் மேல் அப்பியிருந்த தடித்த பொருக்கைப் பராமரிப்புக் குறைவு என்று நினைத்து வருந்தினேன். உடனிருந்த வழிகாட்டி அம்மையார், பலிபீடத்தில் வைத்து வழிபடும்போது அந்த உருவத்தின் மீது கம்பங்கூழும் பலி விலங்கின் இரத்தமும் ஊற்றப்பட்டன என்றும், தலைமுறை தலைமுறையாக அவை காய்ந்து படிந்ததே அந்தப் பொருக்கு என்றும் விளக்கினார். உயர்த்திய கைகள் மழை வேண்டுபவை என்று பலர் கருதுகிறார்கள். வானம் பார்த்துக் கம்பு விதைக்கும் வறண்ட மண்ணிலிருந்து வந்த உருவம் அது என்பதை நினைத்தபோது, உளியின் நேர்த்தியைவிட அந்தப் பொருக்கே எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

ஆனாலும், பலிபீடத்தின் இருளில் இருக்க வேண்டியதை விளக்கொளியில் பார்க்கிறோமே என்ற உறுத்தல் அன்றிலிருந்து எனக்கு நீங்கவில்லை. பண்டியாகரா குகைகளிலிருந்து எத்தனையோ பொருள்கள் களவாடப்பட்டு விற்கப்பட்ட பிறகே, 1993இல் அமெரிக்கா அப்பகுதியின் தொல்பொருள்களை இறக்குமதி செய்யத் தடை விதித்தது. இப்போதெல்லாம் எந்தக் கூடத்திலும் சிற்பத்தைப் பார்க்கும் முன், அது எந்த ஆண்டில், யார் கைவழியாக அங்கு வந்தது என்று எழுதியிருக்கும் சிறு பலகையைத்தான் முதலில் படிக்கிறேன்.