செயற்றிட்டத்தைச் சபை முன் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி?

வணக்கம். கொழும்பில் தரம் 9 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இந்தத் தவணை முழுக்க வெள்ளவத்தைக் கால்வாய் நீரைப் பற்றி ஒரு செயற்றிட்டம் செய்தார்கள். மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்து, அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் தாளில் பார்த்து, நிறமும் மணமும் குறித்து வைத்தார்கள். ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான ராம்சார் என்ற சர்வதேச உடன்படிக்கையின் கீழ் 2018இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற ஊர் நம்முடையது என்று தேடிக் கண்டுபிடித்ததும் அவர்கள்தான். இன்னும் மூன்று கிழமையில் பெற்றோர், அயலவர்கள் முன் இதைச் சொல்ல வேண்டும்.

வேலை நன்றாக வந்திருக்கிறது. பேச்சில்தான் சிக்கல். எழுதியதைப் பாடமாக்கி மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். நேற்று ஒத்திகையில், "இந்த இடத்தை ஏன் தெரிவு செய்தீர்கள்?" என்று கேட்டேன். ஒரு பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். அந்த இடத்தைத் தெரிவு செய்ததே அவள்தான்! இடைவேளையில் என்னிடம் அழகாக விளக்கினாள். அந்தப் பேச்சு சபைக்கு வர வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தாளை வாங்கிவிட்டு, நாலு சொல் மட்டும் எழுதிய சிறு அட்டை கொடுத்துப் பார்த்தேன். கொஞ்சம் பலன் உண்டு. முதலில் எடுத்த நீர் மாதிரி கொட்டிப்போய் மறுபடி எடுக்கப் போன கதையைச் சொல்லச் சொன்னபோது குரலே மாறியது.

கேள்விகளுக்கு எப்படிப் பழக்குகிறீர்கள்? தரம் 7 பிள்ளைகளை முதல் பார்வையாளர்களாக உட்கார வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? அப்புறம், சிங்களம் பேசுவோரும் வருவார்கள். இரு மொழியிலும் பேச வைப்பதா, படங்களும் வரைபும் போதுமா? செய்து பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.