கவ்.யூகே ஃபிரன்ட்எண்ட் 5-க்கு மாறிய பின் அக்கார்டியன் இயங்கவில்லை: உதவி தேவை

கேட்டவர்:
இங்கிலாந்திலுள்ள ஓர் உள்ளாட்சி மன்றத்தின் விண்ணப்பப் பக்கங்களை, பிரிட்டன் அரசின் திறமூலத் தொகுப்பான கவ்.யூகே ஃபிரன்ட்எண்டைக் கொண்டு அமைத்திருக்கிறோம். பதிப்பு 4-இலிருந்து 5-க்கு மாற்றிய பிறகு, என் மடிக்கணினியில் ஒழுங்காக இயங்கும் அக்கார்டியன் (தலைப்பைச் சொடுக்கினால் விரிந்து மூடும் பகுதிகள்), சர்வரில் ஏற்றியதும் எல்லாப் பகுதிகளையும் விரித்தபடியே நிற்கிறது. மூடுவதற்கான பொத்தானே தோன்றவில்லை. பாடி டேகில் 'கவ்யூகே-ஃபிரன்ட்எண்ட்-சப்போர்ட்டட்' என்ற கிளாஸ் (சிஎஸ்எஸ் அடையாளப் பெயர்) இல்லை என்று பிரவுசரின் கன்சோலில் பிழை வருகிறது. டெம்ப்ளேட்டைப் புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றியாயிற்று. இனி எங்கே தேடுவது?

மறுமொழி 1:
அந்தக் கிளாஸ் எச்டிஎம்எல்லில் எழுதி வைக்கப்படுவதில்லை. பாடி டேக் திறந்தவுடன் வரும் சிறிய இன்லைன் ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள்ளேயே எழுதிய நிரல்), பிரவுசருக்கு மாட்யூல் வகை ஸ்கிரிப்ட் (புதிய பிரவுசர்களுக்கே புரிவது) புரியுமா என்று பார்த்து, புரிந்தால் மட்டும் அதைச் சேர்க்கிறது. சர்வரில் மட்டும் சிக்கல் என்பதால், அங்குள்ள கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் பாதுகாப்பு விதி) அந்த ஸ்கிரிப்டைத் தடுக்கிறது என்றே நினைக்கிறேன். பதிப்பு 5-இல் ஸ்கிரிப்ட் மாறிவிட்டதால், பாலிசியில் இருக்கும் பழைய ஹாஷ் (ஸ்கிரிப்டின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி) இனிப் பொருந்தாது. கிளாஸைக் கையால் எழுதிவிடலாமே என்று தோன்றும், வேண்டாம். பழைய பிரவுசர்களில் சிஎஸ்எஸ் பகுதிகளை மறைத்துவிடும், திறக்கும் பொத்தானோ வராது. விண்ணப்பதாரர் எதையும் படிக்க முடியாமல் போகும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. பழைய ஹாஷ்தான் இருந்தது. புதியதைச் சேர்த்ததும் பொத்தான்கள் வந்துவிட்டன. ஹாஷுக்குப் பதில் பாலிசியில் 'அன்சேஃப்-இன்லைன்' (எல்லா இன்லைன் ஸ்கிரிப்டையும் அனுமதிக்கும் அமைப்பு) போட்டால் போதுமே என்கிறார் உடன் பணிபுரிபவர்.

மறுமொழி 1:
அப்படிப் போட்டால் எவரேனும் புகுத்தும் ஸ்கிரிப்டும் ஓடும். பாலிசி வைத்திருப்பதற்கே பொருளில்லை.

மறுமொழி 2:
உள்ளாட்சி மன்றம் என்றதால் ஒன்று சொல்கிறேன். நிரலுக்குத்தான் எம்ஐடி உரிமம் (யாரும் பயன்படுத்த அனுமதிக்கும் திறமூல உரிமம்). ஜிடிஎஸ் டிரான்ஸ்போர்ட் எழுத்துருவும் மகுடச் சின்னமும் மத்திய அரசின் கவ்.யூகே சேவைகளுக்கு மட்டுமே உரியவை. சாஸ் (சிஎஸ்எஸ்ஸை உருவாக்கும் மொழி) கோப்பில் தொகுப்பை இறக்குமதி செய்யும் வரிக்கு மேலே, எழுத்துருக் குடும்பத்துக்கான மாறியில் ஏரியல் போன்ற ஒன்றைக் குறித்துவிட்டால், அந்த எழுத்துருக் கோப்புகள் பக்கத்தில் ஏறவே மாட்டா.

கேட்டவர்:
ஏரியல்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் தொகுப்போடு வரும் ஃபேவிகானிலும் (பிரவுசர் தாவலில் தெரியும் சிறு படம்) மகுடம் இருக்கிறது. அதை மன்றத்தின் சின்னமாக மாற்றும் வேலையையும் இந்த வெளியீட்டிலேயே சேர்த்துக்கொள்கிறேன்.