ஒஃபிஸ் ஆக்களோட பெரிய இடத்தில வியட்நாம் சாப்பாடு: உங்களுக்கு என்ன நடந்தது?

மட்டிக்களி மிஸ்:
எங்கட மனேஜர் மாற்றலாகிப் போகேக்க நிலாவெளிப் பக்கம் ஒரு பெரிய ஹோட்டலில பிரியாவிடை வைச்சம். அண்டைக்கு அங்க வியட்நாம் சாப்பாடு. ஒன்பது பேர், கடல் பக்கம் மேசை, வெள்ளை விரிப்பு. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அரிசித்தாள் வந்திச்சு. தட்டில அவிச்ச றால், சலாது இலை, புதினா, இடியப்பம் மாதிரி வெள்ளை நூடில்ஸ். நடுவில அகலக் கோப்பையில இளஞ்சூட்டுத் தண்ணி. தாளை அதில ஒருக்கா நனைச்செடுத்து, உள்ளுக்கு இதுகளை வைச்சுச் சுருட்டித் தின்ன வேணும். எனக்குத் தெரியும். முதல்நாள் இரவே யூடியூப்பில பார்த்திட்டுத்தான் போனனான். போதாததுக்குப் பரிமாறின பொடியனிட்டையும் மெல்லக் கேட்டனான், "தாள் நனைக்கிற தண்ணிதானே தம்பி?" எண்டு. "ஓம் மிஸ்" எண்டவன்.

சேர் கோப்பையைத் தன்ர பக்கம் இழுத்தார். ரெண்டு கையையும் விட்டு வடிவாக் கழுவினார், மோதிரத்தடியையும் சேர்த்து. பிறகு பக்கத்தில தள்ளினார். கணக்காளர் கழுவினார். அடுத்தவா கழுவினா. என்னட்ட வந்திச்சு. நானும் கழுவினன்.

நிமிர்ந்தால் அந்தப் பொடியன் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிக்கிறான். ஒண்டும் சொல்லேல்லை. கோப்பையை எடுத்து, "சேர், தண்ணி ஆறிப்போச்சு, வேற கொண்டு வாறன்" எண்டிட்டுப் போனான். ஒரு வருசமாச்சு. இன்னும் படுக்கேக்க அந்தக் குரல் வருது.

இரவு மெயில்:
மிஸ், கை கழுவினதெல்லாம் ஒரு கதையோ? அவர் கழுவினார், நீங்களும் கழுவினீங்கள், தண்ணி மாத்தினாங்கள், முடிஞ்சுது. என்ரதைக் கேளுங்கோ.

கொழும்பில பயிற்சி. ரயிலில விடிய இறங்கி, நித்திரை இல்லாமல் நாள் முழுக்க இருந்து, பின்னேரம் அங்கத்தை ஆக்கள் ஒரு வியட்நாம் ரெஸ்ரோரன்ருக்குக் கூட்டிக்கொண்டு போச்சினம். வெள்ளிக்கிழமை, நான் மரக்கறி. மூண்டு தரம் சொன்னனான். மூண்டு தரமும் தலையாட்டினாங்கள். பப்பாசிக்காய்ச் சீவல் சலாது வந்திச்சு, மேல வறுத்த கச்சான். அருமை எண்டால் அருமை. அடியில கிடந்த புளித்தண்ணியைக் கரண்டியால அள்ளிக் குடிச்சன். பிறகு ஆசையில, "இது என்ன போட்டுச் செய்யிறது?" எண்டு கேட்டன். மீன் சோஸாம்.

மேசையே கொல்லெண்டு சிரிச்சுது. அதில ஒருத்தர், "திருகோணமலையில பிறந்தவனுக்கு மீன் மணம் தெரியேல்லையோ?" எண்டார். எல்லாத்தையும் விட அதுதான் சுட்டது, ஏனெண்டால் உண்மையா எனக்குத் தெரியேல்லை. கடைசியில பில்லை ஆறாப் பிரிச்சாங்கள். அவங்கள் தின்ட நண்டுக்கும் சேர்த்து நான் 6,200. 10 வீதம் சேவைக் கட்டணம், அதுக்கு மேல 18 வீதம் வற். 1000 ரூபாச் சாப்பாடு 1298 ஆகும், கணக்குப் போட்டுப் பாருங்கோ.

சோற்றுப்பானை:
இரவு மெயில், பிழை உங்களிலதான். வியட்நாம் சமையலில மீன் சோஸ் எங்கட உப்பு மாதிரி. "மரக்கறி" எண்டு சொன்னால் இறைச்சித் துண்டு, மீன் துண்டு போடாயினம், அவ்வளவுதான். நான் ஹோ சி மின் நகரத்தில மூண்டு வருசம் வேலை செய்தனான், கம்பனி ஆக்களோட கிழமைக்கு ஒருக்கா வெளியில சாப்பாடு. முதல் கிழமையே இதில மாட்டுப்பட்டனான், அதைப் பிறகு சொல்லுறன்.

முதல் விளங்கிக்கொள்ளுங்கோ. அதின்ர பேர் நுவோக் மாம். நெத்தலி மாதிரிச் சின்ன மீனை உப்போட மரப்பீப்பாயில அடைச்சு ஒரு வருசமளவில விடுறது. வடியிற தண்ணிதான் சோஸ். ஃபூ குவோக் எண்ட தீவு அதுக்குப் பேர் போனது. அதில தேசிப்புளி, சீனி, உள்ளி, மிளகாய், தண்ணி சேர்த்தால் நீங்கள் அள்ளிக் குடிச்ச சாமான். புளியும் சீனியும் மணத்தை மறைக்கும், அதால வெக்கப்படத் தேவையில்லை.

கேக்க வேண்டிய சொல்லு "சாய்". புத்த கோயில் முறை மரக்கறிச் சாப்பாடு. அங்க கனபேர் பிறைக்கணக்கில முதலாம் நாளும் பதினஞ்சாம் நாளும் சாய்தான் சாப்பிடுவினம், எங்கட ஆக்கள் அமாவாசை, பறுவம் பிடிக்கிற மாதிரி. சாய் எண்டால் மீன் சோஸும் இல்லை, எலும்புச் சாறும் இல்லை, சோயா சோஸ் போடுவினம். ஃபோ சூப்பைப் பற்றியும் சொல்ல வேணும். மேல மரக்கறி மிதந்தாலும் அடி மாட்டெலும்பு. சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், கறுவா, கராம்பு, அன்னாசிப்பூ போட்டு மணித்தியாலக்கணக்கா அவியவிடுறது. ஆகவே வெயிட்டரிட்ட "இறைச்சி இருக்கோ" எண்டு கேளாதேங்கோ, "சாறு எதில வைச்சது" எண்டு கேளுங்கோ. பான் செயோ எண்டு மஞ்சள் போட்ட அரிசிமா, தேங்காய்ப்பால் தோசை ஒண்டிருக்கு, அதைச் சாய் முறையில செய்து தரச் சொன்னால் எங்கட வாய்க்கு நல்லாப் பிடிக்கும். பில்லைப் பற்றியெண்டால், இருக்க முதலே "எனக்குத் தனி பில்" எண்டு சொல்லியிருக்க வேணும்.

கிண்ணியா நாநா:
சோற்றுப்பானை, பாடம் ஆர் கேட்டது? உங்கட கதை எங்க?

எனக்கு ஹலால் பிரச்சினை. மெனுவில றோலுக்குள்ள றாலோட பன்றியும் எண்டு கிடந்திச்சு. நான் சத்தமில்லாம வெயிட்டரக் கூப்பிட்டுக் கேப்பம் எண்டு இரிந்தன். அதுக்குள்ள எங்கட சுப்பவைசர் மேசைக்கு அங்கால இரிந்து, "இவருக்கு மட்டும் வேற ஏதாவது பாருங்கோ!" எண்டு கத்தினார். நல்ல மனுசன், நல்லதுக்குத்தான். ஆனா பக்கத்து மேசை வெள்ளக்காரனும் திரும்பினான். பிறகு கோப்பி மட்டும் சொன்னன். கிளாசுக்கு மேல சின்னத் தகரக் கோப்ப, அடியில டின்பால், சொட்டுச் சொட்டா இறங்குது. எல்லாரும் திங்க நான் அந்தச் சொட்ட எண்ணிக்கொண்டிரிந்தன். ராவு கிண்ணியாவுக்கு வந்து கொத்து திண்டன்.

உப்புவெளி:
நீங்கள் எல்லாரும் உள்ளுக்கு இருந்த கதை சொல்லுறீங்கள். நாங்கள் போன வானில சாரதி அண்ணை ரெண்டரை மணித்தியாலம் வெளியில. அவருக்கு ஏதும் சொல்ல வேணுமெண்டு ஒருத்தருக்கும் நினைவு வரேல்லை, எனக்கும்தான். திரும்பேக்க நான் முன் சீற். "என்ன தங்கச்சி சாப்பாடு?" எண்டார். எனக்கு வெக்கம், "இடியப்பமும் சொதியும் மாதிரித்தான் அண்ணை" எண்டன்.

"அதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" எண்டு கேட்டிட்டு ரேடியோவைப் போட்டார்.

சோற்றுப்பானை:
நாநா, தெரியாதவை தெரிஞ்சுகொள்ளட்டும் எண்டுதான் எழுதினனான். கோப்பிக்கு டின்பால் ஏனெண்டால், அங்க பிரெஞ்சுக்காரன் காலத்தில பசுப்பால் கிடைக்கிறது கஷ்டம்.

இரவு மெயில்:
மிஸ், ஒண்டு கேக்க மறந்திட்டன். பிறகெண்டாலும் உங்கட சேருக்கு ஆரும் சொன்னீங்களோ?

மட்டிக்களி மிஸ்:
இல்லை. அவர் இப்ப வேற மாவட்டம். அந்தப் பொடியனைப் போன மாசம் பஸ் ஸ்ராண்டில கண்டன், மூதூர் பஸ்ஸுக்கு நிண்டான். என்னைத் தெரிஞ்சு சிரிச்சவன். நான் போனைப் பார்க்கிற மாதிரி நிண்டிட்டன்.

கிண்ணியா நாநா:
அது கிடக்கட்டும் மிஸ், புதுத் தண்ணி வந்த பிறகு றோல் எப்பிடி? அதச் சொல்லல்லயே.

மட்டிக்களி மிஸ்:
தாளைக் கூட நேரம் ஊறவிட்டிட்டன் நாநா. கையிலேயே கிழிஞ்சு போச்சு.