மறு: பாப்பிரஸ் துண்டின் இரு பக்கங்களுக்குக் கலைச்சொல்

> முன்பக்கம், பின்பக்கம் போதாதா?

ஐயா, ஓலைச்சுவடிக்குப் போதும். பனையோலையில் நரம்பு இருபுறமும் ஒரே திசையில்தான் ஓடும். பாப்பிரஸ் என்பது நாணல் போன்ற செடியிலிருந்து செய்த பழைய எகிப்திய எழுதுதாள். அதில் தண்டைச் சீவிய பட்டைகள் ஒரு படலம் கிடையாகவும் மறு படலம் அதற்குக் குறுக்காகவும் அழுந்தியிருக்கும். சுருளில் பெரும்பாலும் கிடைநார் ஓடும் உட்புறத்தில்தான் முதலில் எழுதுவார்கள். மடித்துத் தைத்த புத்தகத்தில் எந்தப் பக்கமும் முன்னால் வரலாம்.

மான்செஸ்டர் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தின் பி52 துண்டு (“பி” எண்கள் புதிய ஏற்பாட்டுப் பாப்பிரஸ்களின் வரிசை எண்கள்; 8.9 × 6 செ.மீ., அறிஞர் ராபர்ட்ஸ் 1935-இல் பதிப்பித்தது) ஒருபுறம் யோவான் நற்செய்தி 18:31–33, மறுபுறம் 18:37–38. இரண்டுக்கும் இடையே அழிந்துபோன பகுதியை அளந்துதான் பக்கத்துக்கு ஏறத்தாழ 18 வரி என்று கணித்தார்கள். ஒரே நூல் இருபுறமும் தொடர்வதால் அது புத்தகத்தின் தாள். பி13 அப்படியல்ல. ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் வரலாற்றுச் சுருக்கம் எழுதிய சுருளைத் திருப்பி, மறுபுறத்தில் புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபத்தை எழுதியிருக்கிறார்கள். இந்த இரண்டையும் "பின்பக்கம்" என்ற ஒரே சொல்லால் குறித்தால் வாசிப்பவர் தடுமாறுவார்.

> பாவுப்பக்கம், ஊடைப்பக்கம்?

நல்ல தமிழ் நெசவுச் சொற்கள்தாம். ஆனால் பாப்பிரஸ் நெய்த துணியல்ல, நார்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுவதில்லை. செங்குத்தாக ஓடும் நாரை "நெடுநார்" என்பது இன்னும் ஆபத்து: சுருளின் நீளவாக்கில் ஓடுவது கிடைநார் அல்லவா!

என் பரிந்துரை: வரி நாரோடு சேர்ந்து ஓடினால் நார்வழிப் பக்கம், நாரைக் குறுக்கே வெட்டிப் போனால் நார்க்குறுக்குப் பக்கம்.

---

மறு: மறு: பாப்பிரஸ் துண்டின் இரு பக்கங்களுக்குக் கலைச்சொல்

நார்வழி, நார்க்குறுக்கு இரண்டையும் ஏற்கிறேன். சுருளைக் கால்வட்டம் திருப்பி எழுதிய ஆவணங்களும் உண்டு. வரியை அளவுகோலாகக் கொண்டதால் அங்கேயும் இச்சொற்கள் பிசகாது.

விளக்கத்தில் ஓர் எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். மேற்படலம் உரிந்த இடத்தில் கண்ணில் படுவது அடிப்படலத்தின் நார், அதன் திசை நேர்மாறு. சின்னத் துண்டுகளில் பக்கத்தை மாற்றிக் குறிப்பது இதனால்தான் நேர்கிறது. விளக்கைத் தாளின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சி, மை சிதையாமல் நிற்கும் எழுத்தின் அடியில் நார் எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். துண்டை வைத்திருக்கும் கண்ணாடிச் சட்டத்தின் இருபுறத்தையும் பார்த்த பிறகே குறிக்கலாம். முன், பின் என்பவை நூலின் தொடர்ச்சி உறுதியானால் மட்டும்.