எம்.எல்.ஏ. ஊருக்கு வந்தால் போதுமா, சபையில் பேச வேண்டாமா?

வெண்ணாற்றங்கரை:
எங்கள் எம்.எல்.ஏ. இரண்டாவது முறை ஜெயித்தவர். காதுகுத்து, கல்யாணம், துக்க வீடு எதையும் விடமாட்டார். குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி வைத்திருந்தோம். ஐப்பசி மழையில் அது முளைவிட்டபோது ஓடி வந்து தார்ப்பாய் கொடுத்தவரும் அவர்தான். நல்ல மனுஷர். ஆனால் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் போனால் நெல்லை எடுக்க மாட்டார்கள். அதைத் தளர்த்த மாநில அரசு டெல்லிக்கு எழுதி, அங்கிருந்து குழு வந்து மாதிரி எடுத்துப் போய், அப்புறம்தான் உத்தரவு வரும். அதற்குள் நெல் பாழ். வருஷா வருஷம் நடக்கிற இதை, சபையில் அமைச்சரைப் பதில் சொல்ல வைக்கிற ஒரு கவன ஈர்ப்புத் தீர்மானமாகக்கூட அவர் கொண்டுவரவில்லை.

சம்பா மன்னார்குடி:
அண்ணே, 234 பேர் உள்ள சபையில் ஒருவருக்குப் பேச எவ்வளவு நேரம் கிடைக்கும்? எங்கள் வாய்க்கால் கரை உடைந்த ராத்திரி அதிகாரிகளைக் கையோடு கூட்டிவந்து, விடியும்வரை நின்று மணல் மூட்டை அடுக்க வைத்தவர் எங்கள் எம்.எல்.ஏ. அன்றைக்கு அவர் வரவில்லையென்றால் நட்ட பயிர் போயிருக்கும். நெல் காயவைக்கும் களமும் தொகுதி நிதியில் வந்ததுதான்.

வெண்ணாற்றங்கரை:
களம் வேண்டாம் என்று யார் சொன்னது? வருஷம் 3 கோடி தொகுதி நிதியில் களம் கட்டலாம், சட்டத்தை மாற்ற முடியாது. எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் வேண்டாம் என்று நெடுவாசல், கதிராமங்கலம் சனங்கள் தெருவில் உட்கார்ந்து போராடிய பிறகு, 2020 இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய்க் கிணறுகளுக்குத் தடை. ஏற்கெனவே ஓடுகிற கிணறுகளை அது தொடவில்லை. திருச்சி, கரூர், அரியலூர் மாவட்டங்களும் அந்த மண்டலத்தில் சேராமல் விட்டுப்போயின. அந்த வரிகளைத் திருத்தச் சொல்லிக் கேட்கவேண்டிய இடம் சபைதானே!

குளித்தலைக்காரன்:
1957 இல் எங்கள் தொகுதியில்தான் கருணாநிதி முதன்முதலாக ஜெயித்தார். சபையில் அவருடைய கன்னிப்பேச்சே நங்கவரம் விவசாயிகள் பிரச்சினைதான்.

சம்பா மன்னார்குடி:
அதைத்தான் நானும் சொல்கிறேன். சனங்களோடு நின்றவருக்குத்தான் பேசவும் விஷயம் இருக்கும்.

வெண்ணாற்றங்கரை:
சரி தம்பி, எங்களவரும் நின்றாரே! முளைத்த நெல்லை அவரே கையில் அள்ளிப் பார்த்தார். அந்த விஷயம் ஏன் சபைக்குப் போகவில்லை? அதுதான் எனக்கு ஆறவில்லை. ஈரப்பதத் தளர்வை அறுவடைக்கு முன்பே கேட்டு வாங்கச் சொல்லி மனு எழுதியிருக்கிறேன். கூட்டத்தொடர் தொடங்குவதற்குள் அவர் கையில் கொடுக்கவேண்டும். நீயும் கையெழுத்துப் போடுவாயா?

சம்பா மன்னார்குடி:
போடுகிறேன் அண்ணே. எங்கள் எம்.எல்.ஏ.விடமும் ஒரு நகல் கொடுக்கிறேன். ஆனால் சபையில் பேசாவிட்டாலும் என் ஓட்டு அவருக்குத்தான். அந்த ராத்திரியை என்னால் மறக்க முடியாது.